அரைநெல்லி அளவு செவ்வாய்

"மேடம், ஸ்டோர் ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. உங்க உருண்டைங்களை என்ன பண்றது?" என்று போன மாதம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்கு வந்த பெண் அவள்.

என் உருண்டைகள் என்று அவள் சொன்னது கோள்களை. புதனிலிருந்து நெப்டியூன் வரை எட்டும், கூடவே நிலாவும். இப்போது எல்லாம் திரையில் காட்டுகிறார்கள். விரலால் தொட்டால் வியாழன் பெரிதாகிறது, கிள்ளினால் சிறிதாகிறது. நல்லாத்தான் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் தொட்டதும் ஊதுகிற சாமான் நிஜத்தில் எவ்வளவு பெரிது என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும் என்று கேட்டேன். "அதான் மேடம், நீங்க எப்படிக் காட்டுனீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றாள். கேட்டது அவள். இனி நீளமாக இருக்கிறது என்று முகம் சுளிக்கக் கூடாது.

அறிவியல் வண்டி என்று எங்களைச் சொல்வார்கள். வேங்கிக்காலில் ஓர் அறை, ஒரு பழைய வேன், அதில் மூன்று பேர். அதிகாரி தனகோட்டி சார், ஓட்டுநர் காதர் அண்ணன், விளக்கம் சொல்ல நான். மாவட்டம் முழுக்கப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், கோள்களைத் தரையில் பரப்பி, எது பெரிது எது சின்னது என்று காட்டுவதுதான் வேலை. பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, தனியார் பள்ளியில் கொஞ்ச நாள் தொண்டை கிழியக் கத்திவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. சார் பேசுவதை ஒரு மாதம் பின்னால் நின்று கேட்டேன், அடுத்த மாதம் அவர் பின்னால் நின்றார்.

பின்னால் நின்றார் என்று சும்மா சொல்லிவிட்டேன். அது நெருப்பை முதுகில் கட்டிக்கொண்டு பேசுவது. நான் ஒரு நாள், "வியாழன் பூமியைவிட சுமாரா பத்து மடங்கு அகலம்" என்று சொன்னேன். கூட்டம் கலைந்ததும் வந்தார். "பதினொண்ணும்மா. மீதி ஒண்ணு எங்க போச்சு? கம்மி இல்ல அது, ஒரு முழு பூமி. நாம எல்லாரும் குடியிருக்கிற பூமி." அன்றிலிருந்து 'சுமாரா' என்ற சொல் என் வாயில் வரவே இல்லை. கறிகாய்க் கடையில்கூட வராது.

ஆளைப் பார்த்துத் திருத்துகிறவர் இல்லை அவர். ஒரு விழாவில் சிறப்பு விருந்தினர் மைக் பிடித்து, சூரியன் பூமியைப் போல நூறு மடங்கு பெரிது என்று முழங்கினார். கைதட்டல் அடங்குவதற்குள் சார் எழுந்துவிட்டார். "ஐயா சொன்னது குறுக்களவுக்குச் சரி. உள்ள ரொப்புறதுன்னா பதிமூணு லட்சம் பூமி புடிக்கும். ரெண்டையும் பசங்க கொழப்பிக்கக் கூடாது." விருந்தினர் கையிலிருந்த சோடா அப்படியே நின்றது. திரும்பி வரும்போது காதர் அண்ணன், "சார், மாலை போட்ட மனுஷனை மாலையோடவா சார் எறக்குவீங்க?" என்றார். "தப்பு மாலை போட்டுக்கிட்டா சரியாயிடுமா காதர்?" என்று கேட்டுவிட்டு சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பு என்பது அவர் முகத்தில் நான் காணாத ஒன்று.

அளவு அவர் வகுத்ததுதான். பூமி நாலு சென்டிமீட்டர், ஒரு எலுமிச்சம்பழம். அதை வைத்துக்கொண்டால் வெள்ளி எலுமிச்சைக்குச் சற்றே இளைத்தது. செவ்வாய் அரைநெல்லி. புதன் சுண்டைக்காய். நிலா கொண்டைக்கடலை. யுரேனஸும் நெப்டியூனும் கிர்ணிப் பழம் அளவு. சனி நல்ல பூசணிக்காய். வியாழனுக்குக் காய் கிடைக்காது, நாற்பத்தைந்து சென்டிமீட்டர். சூரியனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அதன் அகலம் பதினாலு அடிக்கு மேல் வரும். மைதானத்தில் முளை அடித்து, கயிறு கட்டி, கோலமாவில் வட்டம் போட்டுவிடுவோம்.

சின்ன உருண்டைகள் மரத்தில் கடைந்தவை. வியாழனையும் சனியையும் ஒரு பொம்மை செய்கிறவர் காகிதக் கூழில் செய்து கொடுத்தார். வியாழன் முழு உருண்டை கிடையாது, சுழலுகிற வேகத்தில் மேலும் கீழும் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அந்த மூன்று சென்டிமீட்டர் அமுக்கமும் வேண்டும் என்று சார் பிடிவாதம். "உருண்டை செய்யின்னாரு, செஞ்சா நசுங்குனதா வேணும்ன்றாரு" என்று பொம்மைக்காரர் என்னிடம் புலம்பினார். காகிதக் கூழ் ஐப்பசி மழையில் ஊதும். அதனால் மழைக்காலத்தில் வாரம் தவறாமல் வியாழனுக்கு டேப் பிடிப்போம். ஊதியிருந்தால் மூன்று நாள் வெயில் காட்டி, தேய்த்து, மறுபடி வர்ணம் பூசிய பிறகுதான் வண்டியில் ஏறும். வண்டியிலும் அதற்குத் தனி இருக்கை. "குரு பகவானுக்கு ஜன்னல் சீட்டு, எனக்கு இன்ஜின் சூடு" என்பார் காதர் அண்ணன். எங்கள் பக்கத்தில் வியாழனை யாரும் வியாழன் என்று சொல்வதில்லை. குருதான்.

ஆரம்பத்தில் கோள்களைச் சூரியனைச் சுற்றி வட்டமாக வைத்தோம். வந்தது வினை. எங்கள் ஊர் ஜனங்களுக்கு எதைக் கண்டாலும் சுற்றி வர வேண்டும், கிரிவலம் என்று மலையையே சுற்றுகிறவர்கள் ஆயிற்றே. பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூப்பிட வந்த பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்பது சுற்று சுற்றினார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில், சனிக்கிழமை வேறு, ஒரு பாட்டியம்மா எள்ளு விளக்கு ஏற்றிக்கொண்டு வந்து சனிக்கு முன்னால் வைத்துவிட்டார். சனியின் வளையமோ தெர்மாகோல். ஓடிப் போய், "அம்மா, இங்க வெச்சா அவருக்குச் சூடு தாங்காது, கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம் வாங்க" என்று விளக்கை அணையாமல் எடுத்துச் சுவர் ஓரம் வைத்தேன். பாட்டியம்மா அங்கேயே கும்பிட்டுவிட்டுத் திருப்தியாகப் போனார். மறுநாளிலிருந்து சார் கோள்களை நேர்க்கோட்டில் வைக்கச் சொல்லிவிட்டார்.

காட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் கறுப்புத் துணி. நடுவில் பூமி மட்டும். "இந்த எலுமிச்சம்பழத்துலதான் நாம எல்லாரும் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு ஒரு கூடையை நீட்டுவேன். அதில் வர்ணம் பூசாத மர உருண்டைகள் பல அளவில் இருக்கும். பூமி இதுன்னா செவ்வாய் எதுன்னு எடுங்க என்பேன். ஒருவரும் சரியாக எடுத்ததில்லை. பாதிப் பேர் இன்னொரு எலுமிச்சையை எடுப்பார்கள், நவக்கிரக மேடையில் ஒன்பது பேரும் ஒரே உயரம்தானே. மீதிப் பேர் பயந்த பயத்துக்குத் தேங்காய் சைசில் எடுப்பார்கள். அப்போது நான் பையிலிருந்து செவ்வாயை எடுத்துப் பூமிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது சாரின் கட்டளை. "கூட்டம் சத்தம் போடுற வரைக்கும் நீ பேசாத. பார்க்கிறவங்க கண்ணு அளந்துக்கிட்டு இருக்கு, குறுக்கப் போவாத." பிறகு மற்றவை. கடைசியில்தான் குரு, துணி மூடி, வேனிலிருந்து சார் கையாலேயே வரும். கூட்டத்தில் யார் கையிலும் அதைக் கொடுக்கக் கூடாது. நகம் பட்டால்கூடக் காகிதக் கூழில் குழி விழும். கலெக்டர் ஆபிசிலிருந்து வந்த ஒருவர் தூக்கிப் பார்க்கிறேன் என்றபோதும், "கண்ணால பாருங்க சார்" என்றுதான் பதில். யாராவது ராகு கேது எங்கே என்று கேட்பார்கள். "அதுங்க நிழல் கிரகம்னு நீங்களே சொல்றீங்க. உடம்பு இல்லாததை எதை வெச்சு அளக்குறது?" என்று அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

இப்படி ஊரெல்லாம் போய் செவ்வாய் இத்தனூண்டு என்று காட்டிக்கொண்டிருந்த எனக்கு ஜாதகத்தில் ஏழில் செவ்வாய். சிரிக்காதீர்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தொன்பது வயது. வந்த வரன் எல்லாம் ஜாதகத்தைப் பிரித்த மாத்திரத்தில் காபியைக் கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போனது. எங்கள் அப்பா கடலை போடுகிற விவசாயி, மழை பொய்த்த வருஷம்கூட வாய் திறந்து வருத்தப்படாத மனுஷர். அவர் என் முகத்தைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசியாக ஒரு இடம் வந்தது. பையன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். போட்டோ பார்த்தேன். பிடித்திருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? பையனுக்கு அப்பா இல்லை. பெரியப்பா ஏழுமலை என்பவர்தான் குடும்பத்தில் எல்லாம். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பொண்ணு ஜாதகத்துல குரு பார்வை இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா செவ்வாயை அடக்குற அளவுக்கு அந்தக் குருவுக்குப் பலம் பத்தாதுன்னு எங்க ஜோசியர் சொல்றாரு. யோசிச்சு சொல்றோம்" என்றார். யோசிக்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த மாதம் எங்கள் வண்டிக்குப் போட்ட ஊர் அவர்கள் ஊர். என்னால் முடியாது என்று சாரிடம் சொன்னேன். காரணம் கேட்டார், சொன்னேன். "செவ்வாயோட அளவு அந்த ஊர்ல மாறாதும்மா. வா, போலாம்" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கல்லு மனசு என்று காதர் அண்ணனிடம் முணுமுணுத்தேன்.

பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பின்னால் ஊர்க்காரர்களும் நின்றார்கள். செவ்வாயைக் கையில் எடுத்து நிமிர்ந்தால், முதல் வரிசையில் ஏழுமலை. பக்கத்தில் ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும். முகத்தைப் பார்த்தால், போட்டோவில் இருந்த மூக்கு இங்கே இருந்தது. பையனின் அம்மா. சொல்ல வேண்டியதெல்லாம் மறந்துவிட்டது. நல்லவேளை, அந்த இடத்தில் பேசாமல் இருப்பதுதான் முறை. செவ்வாயை வைத்தேன். எலுமிச்சைக்குப் பக்கத்தில் அரைநெல்லி.

"இத்தனூண்டா?" அந்த அம்மாதான் முதலில் சத்தம் போட்டது. "இதுக்கா மாமா ஊரே நடுங்குது?"

ஏழுமலை கனைத்துக்கொண்டார். "சின்னதா இருந்தா இன்னா? மொளகா சின்னதுதான்."

கூட்டம் சிரித்தது. மற்ற கோள்களை எப்படி வைத்தேன் என்று நினைவில்லை. சார் வேனிலிருந்து குருவைக் கொண்டுவந்து துணியை எடுத்தார். "யப்பா" என்று கூட்டமே மூச்சை இழுத்தது. பிறகு சார் செய்ததைப் பார்த்து நானே திகைத்துப்போனேன். குருவை நேரே ஏழுமலையிடம் கொண்டுபோய், "புடிங்க பெரியவரே. ரெண்டு கையாலயும் அணைச்சுப் புடிங்க, கீழ உட்டுடாதீங்க" என்று கொடுத்துவிட்டார். யார் கையிலும் தராத குருவை! ஏழுமலை வேறு வழியில்லாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். தாடை குருவின் மேல் முட்டியது.

அந்த அம்மா குனிந்து செவ்வாயை எடுத்து, குருவின் பக்கத்தில் பிடித்துக் காட்டியது. மைதானத்துக்கே கேட்கிற குரல். "மாமா, நல்லா பாருங்க. இது செவ்வா. நீங்க கட்டிக்கினு நிக்கிறது குரு. குரு பார்க்கக் கோடி நன்மைன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? இம்மாம் பெரிய குரு பார்க்குறாரு, பலம் பத்தாதுன்னு அந்த ஜோசியன் எதை வெச்சு சொன்னான்? இத்தக் கண்ணால பார்த்தானா?"

ஏழுமலை கையை ஆட்டிப் பேசுகிற மனிதர். கை இரண்டும் குருவிடம் மாட்டிக்கொண்டிருந்தது. கீழே வைக்கவும் பயம். சுற்றிலும் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. "அதுவும் ஒரு ஞாயம்தான்" என்றார் கடைசியில். "கண்ணால பார்த்தா ஒத்துக்கத்தானே வேணும்."

ஐயோ, இது எப்படி ஞாயம்? பெரிய கோள் நல்லது செய்யும், சின்னது அடங்கிப்போகும் என்று நான் எங்கே சொன்னேன்? அளவுக்கும் பலனுக்கும் என்ன சம்பந்தம்? நான் தினம் காட்டுகிற காட்சியை வைத்தே ஒரு தப்புக் கணக்கு என் கண்ணெதிரே விடையாகிக்கொண்டிருந்தது. அந்த விடை என் கல்யாணம். வேண்டும் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் பழக்கதோஷம், வாய் திறந்துவிட்டது. "அம்மா, அளவை வெச்சு அப்படிச் சொல்ல..." என்று தொடங்கினேன்.

"கலைவாணி" என்று சார் குறுக்கிட்டார். "நெப்டியூன்ல மண்ணு ஒட்டியிருக்கு, தொடைச்சு வை. காதர், பொட்டியை எடுங்க. நேரமாச்சு."

மாலை போட்டவரை மாலையோடு இறக்கிய மனிதர், அன்று ஒரு பச்சைத் தப்பைக் காதில் வாங்கி விழுங்கிவிட்டு வண்டியில் ஏறினார். மறு வாரமே ஏழுமலை வீட்டிலிருந்து தட்டோடு வந்தார்கள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். சொன்னால் நம்புவீர்களோ, நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

கல்யாணத்துக்கு வந்த சாரிடம், "எனக்காகத்தானே சார் அன்னிக்கு அவங்களைத் திருத்தல?" என்று கேட்டேன். பந்தியில் உட்கார்ந்திருந்தவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "திருத்த வேண்டிய எடத்துல நான் திருத்தாம உட்டது கிடையாதும்மா. அங்க திருத்த ஒண்ணும் இல்ல. சாம்பார் போடச் சொல்லு." என் மனசு நோகக் கூடாது என்று அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு மாற்றலாகி வேலூர் போனார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். பொங்கலுக்குப் போன் பேசினால் குரு ஊதாமல் இருக்கிறதா என்றுதான் முதல் கேள்வி.

வாழ்க்கைக்கு ஒரு குறையும் இல்லை. இவர் நல்லவர், கடையும் நன்றாக நடந்தது, பிள்ளைகள் ஆளாகிவிட்டார்கள். நான் வேலைக்குப் போவதை வீட்டில் ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளியிலும் அரைநெல்லியைக் கீழே வைத்துவிட்டு வாயை மூடி நிற்கும்போது, ஒரு முள் குத்தும். அந்த அம்மா, இப்போது என் அத்தை, தப்பாகப் புரிந்துகொண்டதால் அல்லவா நான் இந்த வீட்டுக்கு வந்தேன்? கணக்கு இன்னதென்று யாராவது விளக்கியிருந்தால் என்னை வேண்டாம் என்றிருப்பார்தானே? கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய்வரை வரும். நன்றாக ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று விட்டுவிடுவேன்.

பிரியா போன் செய்த மறுநாள் வேங்கிக்கால் போனேன். நேரில் பேசியதில் உருண்டைகளுக்கு ஓர் அலமாரி ஒதுக்கிவிட்டார்கள். திரையில் பார்த்த பிறகு கையிலும் கொடுக்கலாம் என்று பிரியாவே சொன்னாள், சந்தோஷமாக இருந்தது. செவ்வாய்க்கு வர்ணம் உரிந்திருந்தது. பூசிக் கொண்டுவந்து தருகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் அத்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியாகிவிட்டது, பார்வை மங்கல், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. உருண்டையைக் கையில் கொடுத்தேன்.

"இன்னாம்மா இது, அரைநெல்லியா? கல்லு மாதிரி இருக்குதே."

"செவ்வாய் அத்தை. ஏழுமலை மாமா குருவைக் கட்டிக்கிட்டு நின்னாரே, மறந்துட்டீங்களா?"

அத்தை சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் கேட்டேவிட்டேன். "அத்தை, குரு பெருசு செவ்வாய் சின்னதுன்னு நம்பித்தானே என்னைக் கட்டுனீங்க? அது அப்படி இல்ல அத்தை. அளவுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. இத்தனை வருஷமா சொல்லாம இருந்துட்டேன்."

"அடிப் பைத்தியமே" என்றார் அத்தை. "கல்லு சின்னதா இருந்தா இன்னா, பெருசா இருந்தா இன்னா, எனக்கு அதுகூடவா தெரியாது? பக்கத்து ஊரு பள்ளிக்கூடத்துல ஒரு கெழவி சனிக்கு வெளக்கு வெச்சா, நெனப்பு இருக்குதா? ஊதி அணைக்காம, அவளையும் திட்டாம, வெளக்கைப் பூ மாதிரி எடுத்துத் தள்ளி வெச்ச. நான் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன். இந்தப் பொண்ணுதான் எம் பையனுக்குன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஜாதகம் கேட்டு ஆளு அனுப்பினதே நான்தான். மாமாதான் ஜோசியன் பேச்சைக் கேட்டுக்கினு குறுக்க நின்னாரு. அவரு எறங்கி வர்றதுக்கு ஒரு படி வேணும். ஊரு முன்னாடி மானம் போவாம எறங்கணும். அதுக்குத்தான் அன்னிக்கு அவரை மைதானத்துக்குக் கூட்டியாந்தேன்."

அப்படியென்றால் சார் ஏன் அன்று ஒன்றும் திருத்தவில்லை என்று கேட்டேன்.

"உங்க ஆபிசருக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு" என்றார். "நான் மாமாவைப் பார்த்துப் பேசுறேன், கிரகத்தைப் பார்த்து இல்லன்னு கண்டுக்கினாரு. அதான் தூக்கியாந்து அவரு கையில குடுத்துட்டாரு. கை கட்டிப்போட்டா வாயும் கட்டிக்கும்னு தெரிஞ்ச மனுஷன்."

அங்க திருத்த ஒண்ணும் இல்ல என்று சார் சொன்னது, சாம்பார் கேட்டது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. எனக்கு இரக்கம் காட்டினார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் எப்போதும் போலச் சரியாகத்தான் அளந்திருக்கிறார், நான்தான் அளக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. அத்தைக்குத் தெரியக் கூடாது என்று திரும்பிக்கொண்டேன், அவருக்கு எது தெரியாமல் இருந்திருக்கிறது?

உருண்டையை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார் அத்தை. "செவ்வா அந்தக் குரு சைசுல இருந்து, குரு இத்தனூண்டா இருந்திருந்தாலும், நான் வேற ஒண்ணு சொல்லி உன்னைக் கூட்டியாந்திருப்பேன். போ, போயி பெயிண்டு பூசு."